வண்டியோடு போகும் காற்றழுத்தி

திருவாலங்காடு நிலையத்தில் அரக்கோணம் செல்லும் மின்சார ரயில் வந்து நிற்கும்போது உற்றுக் கேட்டிருக்கிறீர்களா? வண்டி நின்ற பிறகும் ஏதோ ஒரு பெட்டியின் அடியிலிருந்து 'தடதட'வென்று ஓர் ஓசை எழும். சிறிது நேரத்தில் தானாகவே ஓய்ந்துவிடும். சக்கரம் ஓடவில்லை, பின் ஓசை எங்கிருந்து வருகிறது? பெட்டியின் அடியில் தொங்கும் காற்றழுத்தியிலிருந்துதான். பட்டறைக்காரர்கள் இதைக் 'கம்ப்ரெசர்' என்பார்கள். வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, ஒரு தொட்டியில் நிறைத்து வைப்பது இதன் வேலை. தொட்டியில் அழுத்தம் குறைந்தால் ஓடத் தொடங்கும், நிறைந்ததும் நின்றுவிடும். ரயிலின் பிரேக்கை இயக்குவது இந்தக் காற்றே.

நிலையத்தை விட்டு வெளியே வந்தாலும் காற்றழுத்தி நம்மை விடாது. லாரி நின்று புறப்படும்போது 'புஸ்' என்று கேட்பது அதன் பிரேக்கிலிருந்து வெளியேறும் அழுத்தக் காற்று. பஞ்சர் ஒட்டும் கடையில் மூலையில் நின்று அதிர்ந்துகொண்டிருப்பதும் ஒரு காற்றழுத்திதான்.

இப்போது ஒரு புதிருக்கு வருவோம். திருவாலங்காடு வட்டாரத்தில் ஓடுவது கொசஸ்தலை ஆறு. 'ஓடுவது' என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மழைக் காலத்தில் பூண்டி ஏரிக்கு நீர் கொண்டுபோகும் இந்த ஆறு, ஆண்டின் பெரும் பகுதியில் மணல் வெளியாகவே கிடக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்று இந்த மணலைக் கடந்து, கரும்புக் கொல்லை வரப்புகளில் புகுந்து, பிறகு தார்ச்சாலை ஏறித் திருத்தணிக்குப் போக வேண்டும். அந்த வண்டியோடு ஒரு காற்றழுத்தியும் போக வேண்டும் என்கிறார் ஓட்டுநர். கடைக்குப் போனால் உள்ளங்கை அளவிலிருந்து ஒரு குடம் அளவு வரை விதவிதமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? விலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணைப் பார்த்தும் சொல்ல முடியாது. உங்கள் இயற்பியல் பாடத்தைக் கொண்டு சொல்லலாம்.

மணலில் ஏன் காற்றை இறக்க வேண்டும்?

ஜீப்பின் எடை 1,600 கிலோ என்று கொள்வோம். சக்கரம் ஒன்றுக்கு 400 கிலோ. டயரில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு. 15 பவுண்டு ஏறத்தாழ 1 வளிமண்டல அழுத்தம். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. ஆகவே நம் டயரில் இருப்பது 2 வளிமண்டலம். (மானி காட்டும் அழுத்தத்தைச் சொல்கிறோம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் 1 வளிமண்டலத்தையும் சேர்த்தால் முழு அழுத்தம் 3. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

400 கிலோவைச் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ வீதம் தாங்க எவ்வளவு பரப்பு வேண்டும்? 200 சதுர சென்டிமீட்டர். தரையைத் தொடும் தடம் ஏறத்தாழ 14 செ.மீ. சதுரம் அளவே இருக்கிறது. அவ்வளவு பெரிய வண்டி நான்கு சிறு தடங்களின் மேல் நிற்கிறது! காற்றைப் பாதியாக இறக்கி 1 வளிமண்டலம் ஆக்கினால் தடம் 400 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. டயரின் சுவரும் சிறிது எடையைத் தாங்குவதால் உண்மையில் கணக்கு இவ்வளவு துல்லியமாக வராது. ஆனால் போக்கு இதுதான். தடத்தின் அகலம் அதிகம் மாறாது, நீளம் கூடும். ஒட்டகத்தின் பாதம் போல எடை பரவுகிறது. மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கிய சக்கரம் இப்போது மணலின் மேல் ஏறிப் போகிறது.

உங்கள் சைக்கிளிலேயே இதைச் செய்து பார்க்கலாம். பின் டயரில் சுண்ணக்கட்டித் தூளைக் குழைத்துத் தடவி, கட்டத் தாளின் மேல் நிறுத்தி, நண்பனை ஏறி உட்காரச் சொல்லுங்கள். பதிந்த தடத்தில் உள்ள கட்டங்களை எண்ணுங்கள். சிறிது காற்றை இறக்கிவிட்டு மறுபடி எண்ணுங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

இந்த உத்தி புதிதன்று. ஆங்கிலேயப் படை அதிகாரி ரால்ஃப் பேக்னால்டு என்பவர் 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் எகிப்து, லிபியா பாலைவனங்களில் சாதாரண ஃபோர்டு கார்களை ஓட்டிச் சென்றார். டயர் காற்றைக் குறைத்துக்கொண்டு மணற்குன்றுகளைக் கடந்தார். (மணல் எப்படிப் பறக்கிறது, குன்றாக எப்படிக் குவிகிறது என்று ஆராய்ந்து 1941-இல் அவர் வெளியிட்ட நூலை அறிவியலார் இன்றும் எடுத்துப் படிக்கிறார்கள்.) அமெரிக்காவில் 1942-இல் உருவான 'டக்' என்னும் லாரி இன்னும் ஒரு படி மேலே போனது. அது நீரிலும் மிதக்கும், நிலத்திலும் ஓடும். கடலிலிருந்து கரையேறும்போது மணலுக்கு ஏற்றபடி டயர் காற்றைக் குறைக்கவும், சாலைக்கு வந்ததும் கூட்டவும், ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்க வேண்டியதில்லை. வண்டியிலேயே காற்றழுத்தி, அதிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் குழாய். 1943-இல் சிசிலித் தீவிலும் 1944-இல் நார்மண்டிக் கரையிலும் இந்த லாரிகள் இறங்கின. நாம் தேடும் காற்றழுத்தியின் பாட்டன் என்று இதைச் சொல்லலாம்.

இறக்குவது எளிது, ஏற்றுவதுதான் வேலை

காற்றை இறக்க ஒரு தீக்குச்சி போதும். ஆற்றைக் கடந்தபின் அப்படியே தார்ச்சாலையில் ஏறிவிட்டால் என்ன? இங்கேதான் ஆபத்து இருக்கிறது. காற்றுக் குறைந்த டயர் தரையைத் தொடும் இடத்தில் சப்பையாகி, மேலே போகும்போது மறுபடி வட்டமாகிறது. நம் ஜீப்பின் டயர் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 7 முறை சுற்றும். நொடிக்கு ஏழு முறை சுவர் மடங்கி நிமிர்கிறது! ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளைத்த இடம் சுடுவதை நீங்கள் அறிவீர்கள். ரப்பரும் அப்படியே சூடேறுகிறது. உள்ளிருக்கும் இழைகள் பிரிகின்றன. முடிவில் டயர் வெடிக்கிறது. வெயிலில் காய்ந்த சாலையில் இது இன்னும் விரைவில் நடக்கும். அடுத்த பஞ்சர் கடை ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், கடைவரை போவதே ஆபத்தான பயணம்.

ஆகவே மீண்டும் காற்று ஏற்றும் வழி கையில் இல்லாதவர், மணலில் காற்றை இறக்கத் துணியமாட்டார். சக்கரம் புதைந்து, டிராக்டரைத் தேடி ஆள் அனுப்புவார். காற்றழுத்தி இருப்பவரே காற்றை இறக்கலாம்.

எவ்வளவு காற்று வேண்டும்?

1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியை நினைவுகூருங்கள்: வெப்பநிலை மாறாதபோது, குறிப்பிட்ட நிறையுள்ள வளிமத்தின் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கி வரும் தொகை மாறாது. நம் டயரின் உட்பருமன் 50 லிட்டர். அதில் 1 வளிமண்டல அழுத்தத்தைக் கூட்ட, வெளியே இருக்கும் சாதாரணக் காற்றில் 50 லிட்டரை எடுத்து உள்ளே திணிக்க வேண்டும். நான்கு டயர்களுக்கு 200 லிட்டர்.

இந்த 200 என்னும் எண்தான் நம் தேர்வுக்கு அச்சாணி. சைக்கிள் பம்பு கொண்டு அடித்தால்? 3 செ.மீ. விட்டமும் 45 செ.மீ. நீளமும் உள்ள பம்பு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 318 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளும். 200 லிட்டருக்கு 629 முறை அடிக்க வேண்டும், அதுவும் ஒரு சொட்டுக் காற்றும் கசியாவிட்டால். முடியாத காரியமன்று, ஆனால் ஆற்றங்கரையில், வெயிலில், 629 முறை!

பெட்டியில் அச்சிட்ட எண்

கடையில் சிறு காற்றழுத்தி ஒன்றின் பெட்டியில் '150 பவுண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பெரியதில் 'நூறு' என்றோ 'நூற்றைம்பது' என்றோதான் இருக்கும். அப்படியானால் இரண்டும் ஒன்றா? விலை மட்டும் ஏன் பல மடங்கு?

இந்த எண், அந்த இயந்திரம் எட்டக்கூடிய மிக உயர்ந்த அழுத்தம். நமக்கு வேண்டியதோ 30 பவுண்டுதான். குறுகிய உருளையும் சிறு மோட்டாரும் இருந்தால்கூட உயர்ந்த அழுத்தத்தை எட்டிவிடலாம். மெல்ல மெல்லத்தான் எட்டும். ஊசி போட்ட பீச்சாங்குழலால் நீரைப் பலமாகப் பீய்ச்சலாம். ஆனால் அதைக் கொண்டு அண்டாவை நிரப்ப யாரும் முனைவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி இது: '30 பவுண்டு அழுத்தத்துக்கு எதிராக நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும்?'

'அழுத்தத்துக்கு எதிராக' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். ஒன்றும் மாட்டாமல் வெறுங்குழாயில் ஓடும்போது நிமிடத்துக்கு 35 லிட்டர் தள்ளும் சிறு காற்றழுத்தி, டயரோடு மாட்டியதும் 20 லிட்டருக்கு இறங்கிவிடக்கூடும். ஒரு காரணம், பாரம் கூடியதும் மோட்டாரின் வேகம் குறைவது. இன்னொரு காரணம் சுவையானது. பிஸ்டன் மேலே எட்டும்போதும் உருளையின் மூடிக்கும் அதற்கும் இடையே சிறிது இடம் மிஞ்சும். முட்டிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும். இந்த இடம் உருளைப் பருமனில் நூற்றுக்கு 5 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அங்கே தங்கிப்போகும் காற்று, டயரின் முழு அழுத்தமாகிய 3 வளிமண்டலத்தில் இருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் இந்தப் பழைய காற்றுதான் விரிகிறது. 5 பங்கு 15 பங்காகிறது. அதுவரை வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு திறக்காது. ஆகவே 10 பங்கு இடம் வீண். முழு அழுத்தம் 8 வளிமண்டலம் ஆனால் 5 பங்கு 40 பங்காக விரியும். 35 பங்கு வீண். அழுத்தம் ஏற ஏற, உள்ளே வரும் புதுக்காற்று குறைந்துகொண்டே போகிறது. பெட்டியில் போட்ட உச்ச அழுத்தத்தை நெருங்கும்போது காற்றழுத்தி சத்தம் போடுவதைத் தவிர வேறு வேலை அதிகம் செய்வதில்லை.

நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் நான்கு டயருக்கு 10 நிமிடம். பரவாயில்லையே என்று தோன்றும். இன்னொரு தடை குறுக்கே நிற்கிறது.

சூடு

சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைக் காற்றடித்தபின் தொட்டுப் பாருங்கள், சுடும். உரசுவதால் சுடுகிறது என்று பலரும் நினைப்பார்கள். உரசலுக்கும் பங்கு உண்டு; ஆனால் பெரும் பகுதி, காற்றை அமுக்க நாம் செய்த வேலை வெப்பமாக மாறியதே. 40 டிகிரி செல்சியஸ் உள்ள சித்திரை மாதக் காற்றை, வெப்பம் வெளியேற இடம் தராமல் விரைவாக அமுக்கி 3 வளிமண்டலம் ஆக்கினால் அது ஏறத்தாழ 155 டிகிரியை எட்டும். 8 வளிமண்டலம் ஆக்கினால் 290 டிகிரியைத் தாண்டும். (இன்னும் பலமாக அமுக்கினால் தெளித்த எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சின் ஓடுவது இப்படித்தான். அதற்குத் தீப்பொறி வேண்டியதில்லை.)

நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை 3 வளிமண்டலத்துக்கு அமுக்க, கணக்குப்படி 44 வாட் திறன் போதும். ஆனால் காற்றழுத்தி மின்கலத்திலிருந்து 150 வாட் போல இழுக்கிறது. மீதியெல்லாம் மோட்டாரிலும் உரசலிலும் சூடாகிறது. கைக்கு அடக்கமான கருவியில் இந்தச் சூடு போக வழி குறைவு. அதனால்தான் அதனோடு வரும் தாளில் '10 நிமிடம் ஓட்டியபின் 20 நிமிடம் ஓய்வு கொடு' என்று ஏதோ ஒரு மூலையில் சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள். 'டூட்டி சைக்கிள்' என்பது இதுவே. மூன்றில் ஒரு பங்கு நேரமே உழைக்கும் இயந்திரம் அது. நம் கணக்குப்படி நான்காவது டயர் நிறையும் தறுவாயில் அதன் மூச்சு முட்டுகிறது. மீறி ஓட்டினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம் கருகும். பெரிய காற்றழுத்தியில் விலையைக் கூட்டுவது அழுத்தமன்று; அகன்ற உருளை, அதன்மேல் சூட்டை வெளியேற்றும் உலோக விலாக்கள், கனத்த மோட்டார். இவற்றுக்குத்தான் அதிகப் பணம்.

ஒரு நடுத்தர வகையை எடுத்துக்கொள்வோம். 2 வளிமண்டல அழுத்தத்துக்கு எதிராக நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளுகிறது. 200 லிட்டருக்கு மூன்றரை நிமிடம் போதும். டயர் மாற்றி டயர் குழாயைப் பொருத்தும் நேரத்தையும் சேர்த்தால் பத்து நிமிடத்துக்குள் வண்டி சாலையில்.

கம்பியில் காணாமற்போகும் மின்னழுத்தம்

இந்த நடுத்தர வகை 20 முதல் 30 ஆம்பியர் வரை மின்னோட்டம் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் அதன் ஃபியூஸ் உடனே போய்விடும். அது 10, 15 ஆம்பியருக்கு ஆனது. நேரே பாட்டரியிலிருந்து தனிக் கம்பியும் தனி ஃபியூசும் வேண்டும். கம்பி எவ்வளவு கனம்?

காற்றழுத்தியை வண்டியின் பின்பக்கம் வைக்கிறோம் என்று கொள்க. போக 4 மீட்டர், வர 4 மீட்டர், ஆக 8 மீட்டர் செம்புக் கம்பி. வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் அதன் தடை 0.056 ஓம். ஓம் விதிப்படி, 30 ஆம்பியர் பாயும்போது 1.7 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். பன்னிரண்டு வோல்ட்டில் ஒன்றே முக்கால் வோல்ட் நட்டம்! 50 வாட் திறன் கம்பியைச் சுட வைக்கிறது, மோட்டார் திணறுகிறது. 10 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.4 வோல்ட்தான். நல்ல காற்றழுத்தியை வாங்கி மெல்லிய கம்பியில் மாட்டிவிட்டு, 'இது சரியில்லை' என்று குறை சொல்பவர் உண்டு. குறை இயந்திரத்தில் இல்லை.

காற்றடிக்கும்போது எஞ்சினை ஓடவிட வேண்டும். இல்லையென்றால் டயர் நிறைந்திருக்கும். வண்டியைக் கிளப்பப் பாட்டரியில் உயிர் இருக்காது.

தொட்டி வேண்டுமா?

ரயிலுக்கும் லாரிக்கும் தொட்டி இருக்கிறதே, ஜீப்புக்கும் ஒன்று மாட்டினால் என்ன? பலருடைய ஆசையும் இதுவே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லிட்டர் தொட்டி. மானி அழுத்தம் 7 வளிமண்டலம் வரை நிறைத்திருக்கிறோம். டயரின் அழுத்தம் 2 ஆகவே, தொட்டியும் 2-க்கு இறங்கியபின் காற்று பாயாது. பயன்படுவது 10 × 5 = 50 லிட்டர். ஒரே ஒரு டயர்! மற்ற மூன்றுக்கும் காற்றழுத்தியின் வாயைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ரயில் ஏன் தொட்டி வைத்திருக்கிறது? பிரேக்குக்கு வேண்டிய காற்றின் அளவு சிறிது. ஆனால் வேண்டிய நொடியில் கிடைத்தே ஆக வேண்டும். காற்றழுத்தி ஓடித் தரும்வரை காத்திருக்க முடியாது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்ற நாள்முதல் தொட்டி அதன் உறுப்பாகவே இருந்து வருகிறது. டயருக்கோ நிலைமை நேர் எதிர்: காற்று நிறைய வேண்டும், நொடியில் வேண்டியதில்லை. பிரேக்குக்குச் சேமிப்பு, டயருக்கு வரத்து. காற்று ஊதல், ஆக்சிலைப் பூட்டும் காற்றுப் பூட்டு போன்றவை இருந்தால் சிறு தொட்டி உதவும். டயருக்காக மட்டும் என்றால், தொட்டிக்குச் செலவிடும் பணத்தை இன்னும் பெரிய காற்றழுத்திக்குச் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து.

தொட்டி வைப்பதானால் இரண்டு செய்திகளை அறிந்து வைக்க வேண்டும். முதலாவது நீர். 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். அதை முழு அழுத்தம் 8 ஆகும்வரை அமுக்கிப் பழைய வெப்பநிலைக்கு ஆறவிட்டால், எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிய இடத்தில் 4 கிராம் நீராவிதான் தங்க முடியும். மீதி 19 கிராம் நீராகத் தொட்டியின் அடியில் சேரும். லாரி ஓட்டுநர்கள் காற்றுத் தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீர் வடிப்பது இதற்காகத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை மறந்தால் தொட்டி உள்ளேயே துருப்பிடிக்கும்.

இரண்டாவது, துருப்பிடித்த தொட்டி விளையாட்டுப் பொருளன்று. மேலே சொன்ன 10 லிட்டர் தொட்டி வெடித்தால் வெளிப்படும் ஆற்றல், 50 கிலோ சிமென்ட் மூட்டையை 11 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமம். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சி அது. பழைய சமையல் வாயு உருளையையோ தகர டப்பாவையோ பற்றவைத்துக் காற்றுத் தொட்டி ஆக்குவது ஒருபோதும் கூடாது. சோதித்துச் சான்று பெற்ற தொட்டி, தானே திறக்கும் காப்பு வால்வு, அழுத்தம் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் விசை மூன்றும் வேண்டும்.

எஞ்சினே காற்றடித்தால்?

மோட்டாரை விட்டுவிட்டு எஞ்சினின் பெல்ட்டிலேயே காற்றழுத்தியை மாட்டலாம். லாரிகளில் இதுதான் வழக்கம். திருவாலங்காட்டிலிருந்து சென்னை செல்லும் இதே பாதையருகே, பாடியில், 1962-இல் நிறுவப்பெற்ற சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் நம் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் காற்றுப் பிரேக் கருவிகளைச் செய்து தந்தது. (அந்தப் பிரேக் தொழில் பின்னாளில் கைமாறி வேறு பெயரில் நடந்து வருகிறது.) லாரியின் காற்றழுத்திக்கு எஞ்சினின் எண்ணெயே மசகு, எஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாடே பலவற்றில் அதையும் குளிர்விக்கிறது. எனவே நாளெல்லாம் ஓய்வின்றி ஓடும். சற்றுத் தள்ளி ஆவடியில் கட்டப்பெற்ற டி-72 பீரங்கி வண்டிகளில் இன்னொரு விந்தை உண்டு. அவற்றின் எஞ்சினை அழுத்தக் காற்றைப் பாய்ச்சியும் கிளப்பலாம். பாட்டரி செத்துப்போனாலும் காற்று கைகொடுக்கும்.

இந்த வகையின் பேருருவைக் காண வேண்டுமானால் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரிகளைப் பாருங்கள். அவை சுமந்து வரும் காற்றழுத்தி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் தள்ளும். அந்தக் காற்றே பாறையை உடைக்கும் சம்மட்டியை இயக்கி, தூளையும் மேலே ஊதித் தள்ளுகிறது. அங்கே அழுத்தமும் வேண்டும், வரத்தும் வேண்டும்.

ஜீப்பில் சிலர் பழைய கார்க் குளிர்சாதனத்தின் அழுத்தியை எடுத்து மாட்டுகிறார்கள். நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேலும் காற்று தரும், விலையும் மலிவு. ஆனால் குளிர்சாதனத்தில் அந்த அழுத்திக்கு வேண்டிய எண்ணெய், குளிர்விக்கும் வளிமத்தோடு கலந்து சுற்றி வந்துகொண்டிருந்தது. வெறுங்காற்றில் எண்ணெய் இல்லை. தனியே எண்ணெய் கொடுத்து, வெளிவரும் காற்றிலிருந்து அதை மீண்டும் பிரித்தெடுக்க ஏற்பாடு செய்யாவிட்டால் சில நாளில் இறுகிவிடும். கைவேலை தெரிந்தவருக்கு ஏற்றது, மற்றவருக்குத் தலைவலி.

காற்றழுத்தியே வேண்டாம் என்பாரும் உண்டு. அவர்கள் கரியமில வாயு உருளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சோடாக் கடையில் இருப்பது போன்றதே. 1 கிலோ கரியமில வாயு, சாதாரண அழுத்தத்தில் 550 லிட்டருக்கு மேல் ஆகும். 4 கிலோ இருந்தால் நம் ஜீப்பின் நான்கு டயர்களையும் பத்துத் தடவைக்கு மேல் நிரப்பலாம். மின்சாரம் வேண்டாம், சத்தமில்லை. ஆனால் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆற்றங்கரையில் யார் நிரப்பித் தருவார்கள்? 31 டிகிரிக்கு மேல் இந்த வாயு எந்த அழுத்தத்திலும் திரவமாக இராது. பூட்டிய வண்டிக்குள் வெயிலில் உருளையின் அழுத்தம் தாறுமாறாக ஏறும். கசிந்தால் மூச்சு முட்டும். நம் ஊர் வெயிலுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எங்கே பொருத்துவது?

எஞ்சின் மூடிக்குள் இடம் இருக்கும். பாட்டரியும் பக்கம், கம்பியும் குட்டை. ஆனால் அங்கே காற்று 70, 80 டிகிரி சூட்டில் இருக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஒவ்வொரு இழுப்பிலும் வரும் காற்றின் நிறை குறையும், முடிவு வெப்பநிலையோ இன்னும் மேலே போகும். இருக்கைக்கு அடியில் வைத்தால் குளிர்ச்சி, கம்பி நீளும். எங்கே வைத்தாலும் காற்று இழுக்கும் வாய் உயரத்தில், வடிகட்டியோடு இருக்க வேண்டும். கரும்பு வண்டிகள் போய்வரும் பாதையின் மண் தூளை ஒரு மாதம் இழுத்தால் உருளையின் உட்சுவர் உப்புத்தாள் தேய்த்தது போல ஆகிவிடும். காற்று வெளியேறும் முதல் ஒரு முழம் குழாய், சூடு தாங்கும் உலோகப் பின்னல் குழாயாக இருப்பது நல்லது. ரப்பர்க் குழாயை அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம்.

நம் ஜீப்புக்கு, மாதத்தில் இரண்டு மூன்று முறை ஆற்றைக் கடப்பதற்கு, நான் தேர்வது இது: 2 வளிமண்டலத்துக்கு எதிராக நிமிடத்துக்கு 60 லிட்டர் தரும் மின் காற்றழுத்தி, 10 சதுர மில்லிமீட்டர் கம்பி, தனி ஃபியூஸ், இருக்கைக்கு அடியில் இடம், தொட்டி இல்லை. தினமும் நாலைந்து வண்டிகளுக்குக் காற்றடிக்க வேண்டியவரானால் எஞ்சினில் மாட்டும் வகைக்குப் போகட்டும். எப்போதோ ஒரு முறைதான் என்பவருக்குச் சிறியதே போதும். இரண்டு டயர் அடித்தபின் அரை மணி ஓய்வு கொடுக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு

திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுவரும் டிராக்டர் ஒன்று. பின் டயர் இரண்டும் தலைக்கு 250 லிட்டர் பருமன் என்று கொள்க. கொல்லையில் 0.8 வளிமண்டலம், சாலைக்கு வரும்போது 1.2 ஆக்க வேண்டும். எத்தனை லிட்டர் காற்று தேவை? (2 × 250 × 0.4 = 200. ஜீப்புக்குக் கண்ட அதே விடை! அழுத்தம் மிகக் குறைவு, ஆனால் டயர் மிகப் பெரிது.)

இனி நீங்களே காண வேண்டியது: சக்கரம் வழுக்காமல் இருக்க எடை கூட்டும் பொருட்டு, பல டிராக்டர் டயர்களில் முக்கால் பாகம் நீர் ஏற்றி வைப்பதுண்டு. அந்த டயர்கள் இரண்டுக்கும் 0.8-லிருந்து 1.2 ஆக்க எத்தனை லிட்டர் காற்று போதும்? அதே டிராக்டர் வரப்பின் மேல் ஏறி இறங்கும்போது, நீர் ஏற்றாத டயரைவிட நீர் ஏற்றிய டயர் ஏன் ஓட்டுநரை அதிகமாகத் தூக்கிப் போடுகிறது? முதல் கேள்விக்கு உதவிய பாயில் விதியே இரண்டாவதற்கும் உதவும்.